கடல் நாளைத் தூங்கிக் கழிக்காதீர்கள்: அலாஸ்கா கப்பல் பயணத்தில் பறவை பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அலாஸ்கா சொகுசுக் கப்பல் விளம்பரங்களில் ஏழு நாள் பயணத்துக்கு ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள். கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று நாளுக்கு ஓர் ஊர். இரண்டு நாட்களுக்கு மட்டும் ஊர்ப் பெயர் இருக்காது, 'கடலில்' என்று மட்டும் இருக்கும். கப்பல் ஏறுகிறவர்கள் அந்த இரண்டு நாளையும் பஃபேவுக்கும் தூக்கத்துக்கும் ஒதுக்கிவிடுவார்கள். பறவை பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு நாளுக்காகத்தான் டிக்கெட்டே.

இது எனக்கு முதல் பயணத்தில் தெரியவில்லை. இரண்டாம் முறை, சியாட்டிலில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வந்திருந்த அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனபோதுதான் புரிந்தது. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்க வருகிற நம்மூர்ப் பெற்றோர் பலரையும் ஒரு தடவை அலாஸ்காவுக்குக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. அப்படி ஒரு குடும்பப் பயணத்துக்குள்ளேயே, யாருடைய சந்தோஷத்தையும் கெடுக்காமல், பறவைகளை எப்படிப் பார்ப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: வழித்தடம்

எந்தக் கப்பல், என்ன சாப்பாடு, நீச்சல்குளம் எத்தனை என்பதெல்லாம் அப்புறம். முதலில் கப்பல் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்.

அலாஸ்காவுக்கு முக்கியமாக மூன்று வகைப் பயணங்கள் உண்டு. ஒன்று, வான்கூவரில் கிளம்பி வான்கூவருக்கே திரும்புவது. வான்கூவர் தீவுக்கும் கனடா நிலப்பரப்புக்கும் நடுவில் உள்ள ஒடுக்கமான நீர்வழியில் போகும். இரு பக்கமும் மலை, காடு, கண்ணாடி மாதிரித் தண்ணீர். "ஆட்டமே இருக்காது, வயசானவங்களுக்கு நல்லது" என்று ஏஜெண்டுகள் சொல்வது இந்த வழியைத்தான். என் முதல் பயணம் இதுதான். வெண்தலைக் கழுகுகளும் கடற்காகங்களும் கரையோர வாத்துகளும் பார்த்தேன். ஆல்பட்ராஸ் ஒன்றுகூட இல்லை. அது ஆழ்கடல் பறவை. குளம் மாதிரிக் கிடக்கிற தண்ணீரில் அதற்கு வேலையில்லை.

இரண்டாவது, சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்புவது. இந்தக் கப்பல்களில் பெரும்பாலானவை வான்கூவர் தீவின் மேற்குப் பக்கமாக, திறந்த பசிபிக்கில் போகும். கப்பல் ஆடும். ஆனால் கடற்பறவைகள் இங்கேதான் இருக்கின்றன. மூன்றாவது, வான்கூவரிலிருந்து சீவார்ட் அல்லது விட்டியர் வரைக்கும் ஒருவழியாகப் போவது. இது கடைசியில் அலாஸ்கா வளைகுடாவைக் குறுக்காகக் கடக்கும். பறவைக்காக மட்டும் போகிறேன் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். குடும்பத்தோடு, ஒரே ஊரில் காரை விட்டுவிட்டு வர வேண்டும் என்றால் சியாட்டில்.

அதாவது, மற்றவர்கள் 'இந்த வழி வேண்டாம், ஆடும்' என்று ஒதுக்குவதுதான் நமக்கு வேண்டிய வழி. முன்பதிவுக்கு முன் அந்தக் கப்பல் முந்தைய வாரங்களில் போன தடத்தைக் கப்பல்களைத் தொடரும் இணையதளங்களில் பாருங்கள். தடம் வான்கூவர் தீவுக்கு மேற்கே போனதா, கிழக்கே போனதா என்று தெரிந்துவிடும்.

பனியாற்று நாளும் முக்கியம். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. உங்கள் கப்பல் அதில் ஒன்றா என்று அட்டவணையில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹபார்டு பனியாறு இருந்தாலும் குறைவில்லை, ஆனால் பறவைக்கு கிளேசியர் பே ஒரு படி மேல்.

விசா விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சியாட்டிலில் கிளம்பி சியாட்டிலுக்கே திரும்பும் கப்பலும் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கும். வேறு நாட்டுக் கொடி கட்டிய கப்பல் இப்படிப் பயணிகளை ஏற்றி இறக்கினால் நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும் என்று 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதனால் இந்தியப் பாஸ்போர்ட்டில் வருகிற பெற்றோருக்குக் கனடா விசாவும், திரும்ப நுழைய வசதியாகப் பலமுறை நுழையும் அமெரிக்க விசாவும் வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு விதி வேறு. கப்பலை விட்டு இறங்கப் போவதில்லை என்பதெல்லாம் செல்லாது. விசாவுக்கே மாதக்கணக்கில் ஆகலாம். டிக்கெட்டுக்கு முன் இதைப் பாருங்கள்.

மாதம்

மே மாதத்தில் வலசைப் பறவைகள் வடக்கே போய்க்கொண்டிருக்கும். ஜூன், ஜூலையில் பஃபின், மர் என்ற கடற்பறவைகள் கூட்டில் இருக்கும். ஆகஸ்டில் ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகள் பெருங்கூட்டமாகச் சேரும், சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறும், அதைத் தின்னக் கழுகுகள் மொய்க்கும். செப்டம்பரில் பஃபின்கள் கூட்டை விட்டு நடுக்கடலுக்குப் போய்விடும். பள்ளி விடுமுறை, விலை எல்லாம் பார்த்தால் ஜூன் கடைசி எல்லாருக்கும் ஒத்துவரும். ஜூனோவில் அப்போது விடிகாலை 4 மணிக்கே வெளிச்சம் வந்துவிடும், இரவு 10 மணி வரை இருக்கும். குடும்பம் எழுந்திருக்கும் முன்பே நான்கு மணி நேரம் பறவை பார்த்துவிடலாம். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

கப்பலில் என்ன பார்த்து எடுப்பது

பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், பறவைக்காக என்றால். பால்கனியில் ஒரு பக்கம்தான் தெரியும், முன்பக்கம் தெரியாது, பக்கத்து அறைத் தடுப்பு மறைக்கும். நமக்கு வேண்டியது கப்பலைச் சுற்றிலும் நடக்கக்கூடிய கீழ்த்தளம், ப்ராமனேட் டெக் என்பார்கள். சில புதிய கப்பல்களில் இது முழுச் சுற்றாக இருக்காது, உணவகத்துக்கோ விளையாட்டுக்கோ வெட்டியிருப்பார்கள். ஹாலண்ட் அமெரிக்கா நிறுவனத்தின் கப்பல்களில் முழுச் சுற்று இருக்கும் என்பதால் கடற்பறவை பார்க்கிறவர்களுக்கு அவற்றின் மேல் ஒரு பிரியம் உண்டு. மற்ற நிறுவனங்களின் கப்பல் என்றால் தள வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் சுற்றிப் பாருங்கள். விரல் எங்கேயும் முட்டாமல் சுற்றி வந்தால் சரி.

சாமான்

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். 10x எடுத்துப் போனால் கப்பல் அதிர்வில் பறவையும் ஆடும், கடலும் ஆடும், தலையும் சுற்றும். நடுக்கம் தடுக்கும் வசதி உள்ள பைனாகுலர் இருந்தால் இந்த ஒரு இடத்தில் அதற்குக் கொடுத்த காசு ஈடாகும். டெலஸ்கோப்பை முதல் பயணத்தில் நான் தூக்கிச் சுமந்தேன். ஓடும் கப்பலில் அதில் எதையும் பார்க்க முடியாது. துறைமுகத்தில் நிற்கும்போது பயன்படும், ஆனால் அந்த எடைக்கு இரண்டு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளலாம்.

கேமராவுக்கு 300 அல்லது 400 மி.மீ. லென்ஸ். ஷட்டர் நொடியில் 2000-இல் ஒரு பங்கு. அழகான படம் வராது. எந்தப் பறவை என்று அறையில் உட்கார்ந்து யோசிக்க உதவும் படம் வரும். அதுதான் தேவை.

குளிரைக் குறைத்து எடை போடாதீர்கள். வெயில் அடிக்கிற 12 டிகிரி என்று போன் சொல்லும். ஆனால் கப்பல் மணிக்கு 35, 40 கி.மீ. வேகத்தில் போகிறது. எதிர்க்காற்றும் சேர்ந்தால், மார்கழி அதிகாலையில் பைக்கில் கொடைக்கானல் ஏறுகிற மாதிரி இருக்கும், அதுவும் மூன்று மணி நேரத்துக்கு. உள்ளே ஒன்று, நடுவில் கம்பளி ஒன்று, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் ஒன்று. காதை மூடும் குல்லா, விரல் நுனி திறந்த கையுறை. கெச்சிகனில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,800 மி.மீ. மழை பெய்கிறது. சென்னையின் மழை சுமார் 1,400 மி.மீ. குடையை எடுத்துக்கொண்டு டெக்கில் நின்றால் குடை தனியாக அலாஸ்கா போய்விடும். ரெயின்கோட்தான்.

குமட்டலுக்கு மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். கப்பல் ஆட ஆரம்பித்த பிறகு போடுவதில் பெரிய பயன் இல்லை. ஒன்று சொல்ல வேண்டும், டெக்கில் நின்று தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குக் குமட்டல் குறைவு. அறைக்குள் படுத்துக் கிடக்கிறவர்களுக்குத்தான் அதிகம். மூன்றாம் நாளுக்குள் அம்மாவே இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

போனில், பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்ட் செயலியையும் அலாஸ்கா, வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா பறவைப் பட்டியல்களையும் கரையிலேயே இறக்கிவிடுங்கள். நெட் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்களுக்கு இது பழக்கமாகவே இருக்கும்.

எங்கே நிற்பது

இதுதான் இந்த வழிகாட்டியின் நடு மையம், அதனால் கொஞ்சம் நிதானமாக.

பலரும் உச்சித் தளத்துக்கு ஓடுவார்கள். உயரம் என்றால் நிறையத் தெரியும் என்று நினைப்பு. தெரியும், எறும்பு மாதிரி. அலாஸ்காக் கடலில் பாதிப் பறவைகள் தண்ணீரில் உட்கார்ந்திருக்கும், கைக்கு அடக்கமான அளவுதான். மேலிருந்து பார்த்தால் எல்லாமே அலையில் ஒரு புள்ளி. கீழ்த் தளத்தில், முடிந்தவரை முன்பக்கமாக நில்லுங்கள். பறவைகள் கப்பல் நெருங்கியதும் ஒன்று முங்கும், அல்லது பறந்து விலகும். அது நடப்பது கப்பலின் முன்மூக்குக்குப் பக்கவாட்டில். நீங்கள் நடுக்கப்பலில் நின்றால் விலகிப் போகும் முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

எந்தப் பக்கம்? வடக்கே போகும்போது இடது பக்கம் மேற்கு. காலையில் சூரியன் கிழக்கே, உங்கள் முதுகுக்குப் பின்னால். எதிரே இருக்கும் பறவையின் நிறமெல்லாம் தெளிவாகத் தெரியும். மதியத்துக்கு மேல் வலது பக்கம். திரும்பி வரும்போது இதையே புரட்டிப் போடுங்கள். காற்று முகத்தில் அறைந்து கண்ணில் நீர் வழிகிறது என்றால் வெளிச்சத்தை விட்டுக்கொடுத்து மறுபக்கம் போய்விடுங்கள். கண் திறக்க முடியாமல் நல்ல வெளிச்சத்தை வைத்து என்ன செய்வது?

ஒரு இடம் பிடித்துவிட்டால் அங்கேயே நில்லுங்கள். அந்தப் பக்கம் ஏதோ தெரிகிறதாம், இந்தப் பக்கம் திமிங்கலமாம் என்று ஓடிக்கொண்டே இருந்தால் இரண்டும் கிடைக்காது. கப்பல்தான் நகர்கிறதே, நாம் ஏன் நகர வேண்டும்? திமிங்கலம் என்று கூட்டம் கத்தினால் மட்டும் ஒரு கண் போடுங்கள், அதுவும் திமிங்கலத்துக்காக என்பதைவிட, அதற்கு மேலே வட்டமிடும் பறவைகளுக்காக. திமிங்கலம் மீன் பிடிக்கிற இடத்தில் கடற்காகமும் ஷியர்வாட்டரும் கூடியிருக்கும்.

பார்க்கும் முறை: முதலில் பைனாகுலர் இல்லாமல், முன்மூக்கிலிருந்து பக்கவாட்டு வரை வெறும் கண்ணால் மெல்ல ஓட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பைனாகுலரைத் தொடுவானத்தில் வைத்து அதே வட்டத்தை ஓட்டுங்கள். இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் கடிகார முறை உதவும். முன்மூக்கு 12 மணி, வலது பக்கம் 3 மணி. "10 மணியில், தொடுவானத்துக்குக் கீழே, இடது பக்கம் போகுது" என்றால் மற்றவருக்குப் பிடிபடும். "அதோ அதோ" என்று சொன்னால் கடலில் ஒன்றும் புரியாது.

நிறத்தை வைத்துப் பெயர் சொல்லலாம் என்று வராதீர்கள். முதல் நாள் எல்லாமே சாம்பல் நிறம். பறக்கும் விதம்தான் கடலில் முகவரி.

இறக்கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு, நாலைந்து அடி அடித்துவிட்டு, அலையை ஒட்டிச் சாய்ந்து சறுக்கிக்கொண்டு போவது ஷியர்வாட்டர். உடல் முழுக்கக் கருப்பு, இறக்கையின் அடியில் மட்டும் வெள்ளி மாதிரி மின்னினால் சூட்டி ஷியர்வாட்டர். இவை நியூசிலாந்திலும் சிலியிலும் கூடு கட்டி, கோடையைக் கழிக்க இங்கே வருபவை. 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நியூசிலாந்தில் கருவி பொருத்திய பறவைகள் ஆண்டுக்குச் சுமார் 64,000 கி.மீ. சுற்றியது தெரியவந்தது. கூட்டமாக வந்தால் ஒரு வரிசை முடியவே முடியாமல் பத்து நிமிடம் போகும். எண்ண முயற்சித்தால் பத்துப் பத்தாக எண்ணுங்கள், ஒவ்வொன்றாக எண்ணினால் பாதியில் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

அதே சறுக்கல், ஆனால் கழுத்து தடித்து, உருண்டைத் தலையோடு கடற்காகம் போலத் தெரிந்தால் ஃபுல்மார். மேல் மூக்கில் குழாய் ஒன்று இருக்கும். கடல்நீரைக் குடித்துவிட்டு அதிலுள்ள உப்பை அந்தக் குழாய் வழியாக வெளியேற்றுகிற குடும்பம் இது. ஆல்பட்ராஸும் ஷியர்வாட்டரும் இதே குழாய்மூக்கு வகைச் சொந்தங்கள்.

ஆல்பட்ராஸ் இறக்கையை அடிப்பதே அபூர்வம். கடல்மட்டத்துக்கு ஒட்டிக் காற்று மெதுவாக வீசும், மேலே வேகமாக வீசும். காற்றுக்கு எதிராக மேலேறி, திரும்பி, காற்றோடு சறுக்கிக் கீழே வந்து, மறுபடி ஏறும். அந்த வேக வித்தியாசத்தையே எரிபொருளாக வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றும். இங்கே அதிகம் கிடைப்பது கருங்கால் ஆல்பட்ராஸ். புகை நிறம், இரண்டு மீட்டர் இறக்கை, ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடமேற்குக் கோடியில் கூடு. இது கப்பலின் பின்னால் வருகிற பழக்கமுள்ளது. அதனால் மணிக்கு ஒரு தடவை பின்பக்கமும் போய் எட்டிப் பாருங்கள். உடல் வெள்ளையாக, முதுகும் இறக்கையும் கருத்திருந்தால் லேசன் ஆல்பட்ராஸ். மிட்வே தீவில் 1956-இல் கால்வளையம் போடப்பட்ட விஸ்டம் என்ற பெண் பறவை இந்த இனம்தான். 2024 கடைசியிலும் முட்டையிட்டது. எழுபதைத் தாண்டிய பறவை. அப்பா இதைக் கேட்டுவிட்டு, தன்னைவிட மூத்தது என்று அன்று முழுக்க அதையே தேடிக்கொண்டிருந்தார்.

தகைவிலான் மாதிரி, அலைக்கு மேலே தொட்டுத் தொட்டுப் பறக்கும் சின்னது ஸ்டார்ம் பெட்ரல். வெளிர்சாம்பல் என்றால் கவைவால் ஸ்டார்ம் பெட்ரல். கடற்காகத்தை விரட்டி விரட்டி, அது வாயில் வைத்திருக்கும் மீனைத் துப்ப வைத்துப் பிடுங்கித் தின்கிற கருப்புப் பறவையைப் பார்த்தால் அது ஜேகர். வழிப்பறிதான் தொழில்.

கடைசியாக, எறிந்த தேங்காய்க்குச் சின்ன இறக்கை முளைத்த மாதிரி, படபடவென்று அடித்துக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடுபவை. பஃபின், மர், ஆக்லெட், மர்லெட் எல்லாம் இந்தக் கூட்டம். வான்கூவர் தீவின் வடமேற்கே உள்ள ட்ரையாங்கிள் தீவில்தான் உலகத்திலேயே மிகப் பெரிய காசின் ஆக்லெட் குடியிருப்பு. அந்தப் பக்கம் கடக்கும் நேரம் எது என்று அறை டிவியில் வரும் வரைபடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வடக்கே ஹைடா க்வாய் தீவுகளில், உலகிலுள்ள ஏன்ஷியன்ட் மர்லெட்களில் ஏறக்குறைய பாதி கூடு கட்டுகின்றன. அதன் குஞ்சு பிறந்து ஒன்றிரண்டு நாளில், ராத்திரி இருட்டில், தாயின் குரலைப் பிடித்துக்கொண்டு காட்டுத் தரையில் ஓடிக் கடலில் இறங்கிவிடும். கடலில் இரண்டு பெரியவை, அவற்றோடு இரண்டு பஞ்சு உருண்டை தெரிந்தால் அதுதான்.

அப்பா அம்மாவோடு போன அந்த இரண்டாம் பயணத்தில், கடல் நாள் காலை நான் எட்டு மணிக்குள் நாற்பது கருங்கால் ஆல்பட்ராஸ் எண்ணிவிட்டேன். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏய்யா, இந்தக் குளிருல இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்று கேட்டுவிட்டு இட்லி இல்லாத பஃபேவுக்குத் திரும்பிப் போனாள்.

பனியாற்று நாள்

கிளேசியர் பே வாசலில் காலையில் தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறுவார்கள். ஒலிபெருக்கியில் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள், பறவை பற்றி நன்றாகத் தெரிந்தவர்கள். நேரில் போய்க் கேட்டாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

உள்ளே போகும் வழியில் சவுத் மார்பிள் தீவு வரும். கடல்சிங்கங்களின் சத்தமும் நாற்றமும் முதலில் வரும், அப்புறம் தீவு வரும். கொண்டை பஃபின், மர், நீர்க்காகம், கிட்டிவேக் என்ற சின்னக் கடற்காகம் என்று எல்லாம் ஒரே இடத்தில். கப்பல் தள்ளித்தான் போகும், அதனால் தீவு தெரிவதற்கு அரை மணி முன்பே இடம் பிடியுங்கள். தண்ணீரில் மிதக்கும் பஃபின்கள் கப்பலுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும், தீவையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இந்த விரிகுடாவின் அரிய பறவை கிட்லிட்ஸ் மர்லெட். பனியாறு அரைத்த கல்மாவு கரைந்து பால்டீ மாதிரிக் கலங்கிய தண்ணீரில்தான் அதற்கு விருப்பம். அதன் சொந்தக்காரன் மார்பிள்ட் மர்லெட் தெளிந்த தண்ணீர்ப் பக்கம் அதிகம். இரண்டும் கோடையில் பழுப்புதான். கிட்லிட்ஸ் கொஞ்சம் வெளுத்து, பொன்மணல் தூவியது போலிருக்கும், பறக்கும்போது வால் ஓரத்தில் வெள்ளை தெரியும். மார்பிள்ட் மர்லெட் கடற்பறவையாக இருந்துகொண்டு பழங்காட்டு மரங்களின் உச்சிக் கிளையில் கூடு கட்டுகிறது. அமெரிக்காவில் அதன் கூட்டை முதன்முதலில் கண்டது 1974-இல், கலிஃபோர்னியாவில், மரத்தில் ஏறிக் கிளை வெட்டிய ஒரு தொழிலாளி. கிட்லிட்ஸ் அதற்கு நேர்மாறு, மலை உச்சியில் வெறும் கல்தரையில் ஒற்றை முட்டை.

மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நிற்கும். எல்லாரும் பனி உடைந்து விழுவதைப் படமெடுக்கக் காத்திருப்பார்கள். பக்கத்துப் பாறைச் சுவரில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருப்பவை கிட்டிவேக்குகள், கரியில் தொட்டு எடுத்த மாதிரி இறக்கை நுனி கருப்பு. பனி விழுந்ததும் படமெடுப்பவர்களைவிட அவைதான் முதலில் பாயும். பனியாற்றின் அடியிலிருந்து ஓடிவரும் நன்னீர் மேலே கிளம்பும்போது மீனையும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொண்டுவரும். இங்கேயும் பக்கம் மாற வேண்டாம். கப்பல் தன்னைத் தானே மெதுவாகத் திருப்பிக் காட்டும், பனியாறு உங்களிடம் வரும். பல கப்பல்களில் வழக்கமாகப் பூட்டியிருக்கும் முன்மூக்குத் தளத்தை இந்த ஒரு நாள் திறந்துவிடுவார்கள். எப்போது என்று முந்தைய இரவு அறைக்கு வரும் தாளிலோ செயலியிலோ போட்டிருக்கும்.

ஊர்கள்

ஊர்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. குடும்பத்தோடு கடைவீதி சுற்றுங்கள், ரயிலில் போங்கள்.

கெச்சிகனில் யார் வீட்டு வாசலிலாவது பறவைக்கான சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி சிவப்பாகத் தொங்கினால் நில்லுங்கள். ரூஃபஸ் ஹம்மிங்பேர்ட் வரும். எடை மூன்று, மூன்றரை கிராம், குளிர்காலத்துக்கு மெக்சிகோ வரை போகும். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்று ஏரிக்கரைச் சரளையில் ஆர்க்டிக் ஆலா கூடு கட்டும். வேலி போட்ட பக்கம் போகாதீர்கள், போனால் தலையில் கொத்தும். இந்த ஊர்களில் காணும் பெரிய காக்கை ரேவன், நம் அண்டங்காக்கையை இரண்டு மடங்காக்கின மாதிரி. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ட்லிங்கிட் மக்கள் தங்கள் சமூகத்தை ரேவன், கழுகு என்ற இரண்டு பெரும் பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். மரபுப்படி ஒரு பிரிவில் பிறந்தவர் மறு பிரிவில்தான் மணம் முடிக்க வேண்டும். கோத்திரம் பார்க்கிற நம்மவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கப்பல் சிட்கா போகிறது என்றால் மட்டும் காசு செலவழியுங்கள். அங்கிருந்து சிறு படகில் செயின்ட் லசாரியா தீவுப் பக்கம் போகலாம், பஃபின்களை முகம் பார்க்கும் தூரத்தில் காட்டுவார்கள்.

டெக்கில் பறவை விழுந்தால்

மூடுபனி இரவுகளில் கப்பல் வெளிச்சத்துக்கு ஸ்டார்ம் பெட்ரல்கள் மயங்கி டெக்கில் விழும். தரையிலிருந்து எழும்ப அவற்றுக்குக் கஷ்டம், காலையில் நாற்காலிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும். செத்துப்போனது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். தூக்கி வானத்தில் எறியவும் கூடாது. பறவைக் காய்ச்சல் இருக்கிற காலம், வெறுங்கையால் தொட வேண்டாம். கப்பல் ஊழியரிடம் சொல்லுங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், தண்ணீரும் சாப்பாடும் வைக்காமல், இருட்டில் விட்டு, இரவானதும் விளக்கு இல்லாத பக்கமாக விடுவதுதான் முறை. உங்கள் பங்குக்கு, இரவில் அறைத் திரையை இழுத்து மூடுங்கள்.

பதிவு

நாள் முழுக்க ஒரே பட்டியலாகப் போடாதீர்கள். கப்பல் ஒரு மணி நேரத்தில் 35 கி.மீ. போய்விடுகிறது, எந்தப் பறவை எங்கே என்று யாருக்கும் பயன்படாது. இபேர்டில் கடற்பயண முறையைத் தேர்ந்தெடுத்து, மணிக்கு ஒரு புதுப் பட்டியல் தொடங்குங்கள். அலாஸ்கா நேரம் சியாட்டில் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். கப்பல் கடிகாரம் ஒன்று சொல்லும், போன் ஒன்று சொல்லும், எதை வைத்திருக்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவை இல்லாத மணி நேரத்தையும் பதிவு செய்யுங்கள், அதுவும் தகவல்தான்.

இதற்கெல்லாம் முன்னால் ஊரில் பழகிப் பார்க்க ஆசை இருந்தால், கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகும் கப்பலில் இதே மாதிரி நின்று ஆலாக்களை எண்ணிப் பாருங்கள். நிற்கிற பொறுமை எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசி மாலை

திரும்பி வருகிற கடல் நாள்தான் இரண்டாவது வாய்ப்பு. போகும்போது அடையாளம் தெரியாமல் விட்ட பாதியை இப்போது பெயர் சொல்லிவிடுவீர்கள். அன்று அல்லது மறுநாள் மாலையில் கப்பல் விக்டோரியாவில் நிற்கும். பஸ் பிடித்துப் பூந்தோட்டம் பார்க்க எல்லாரும் போவார்கள். நேரம் போதாது, அப்படியே நடந்து பக்கத்திலுள்ள ஆக்டன் பாயிண்ட் அலைத்தடுப்புச் சுவருக்குப் போங்கள். கப்பலை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் அந்தக் கற்களின் இடுக்கில் பிஜன் கில்லமாட் இருக்கும். உடல் முழுக்கக் கருப்பு, இறக்கையில் வெள்ளைத் திட்டு, வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பு.

அம்மா அன்று கால்வலி என்று தூரம் நடக்காமல் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டாள். பத்தடி தள்ளி ஒன்று தண்ணீரிலிருந்து ஏறிக் கல்லில் நின்றது. பைனாகுலரை நான் கொடுக்கவில்லை, அவளே கேட்டு வாங்கினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன். காலுக்கு மருதாணி வச்சிருக்கு."

கப்பல் கிளம்புகிறது என்று தங்கை வந்து கூப்பிடும்வரை இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.